குரலுக்கு ஊர் பார்த்துக் கூலியா?

(கோலார் தங்கவயலில் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2001ஆம் ஆண்டைத் தங்கவயல் மறக்காது. பிப்ரவரி 28 அன்று பொதுத்துறைச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 3 அன்று, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் நாட்டின் முதல் தனியார் பண்பலை வானொலி தொடங்கியது. ஒரு கையால் சுரங்கத்தைப் பூட்டிய ஆட்சி, மறு கையால் அலைவரிசையை ஏலம் விட்டது.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறும் நம் பிள்ளைகள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார்கள். அறிவிப்பாளர் வேலை அவர்களுக்கு இயல்பாகப் பொருந்தும். அந்த வேலைக்கு என்ன ஊதியம் என்பதே நமது கேள்வி.

2011இன் பண்பலைக் கொள்கை, மக்கள்தொகையை வைத்து நகரங்களை ஏ பிளஸ் முதல் டி வரை தரம் பிரித்தது. அது உரிமத்துக்கான தரவரிசை. ஆனால் விளம்பரக் கட்டணம் இறங்கும் அதே ஏணியில்தான் அறிவிப்பாளரின் சம்பளமும் இறங்குகிறது. சிறிய ஊரில் செலவு குறைவு என்று விளக்கம் சொல்வார்கள். எரிவாயு உருளையும் பெட்ரோலும் ஊரைப் பார்த்தா பாதி விலைக்குக் கிடைக்கின்றன? வாடகை குறைவு என்பது உண்மை. அதற்காகத்தான் மத்திய அரசு ஊழியர்க்கு நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்து வீட்டு வாடகைப் படியை மாற்றுகிறார்கள். அடிப்படை ஊதியம் டில்லியிலும் தர்மபுரியிலும் ஒன்றே. வேறுபாடு படியில் இருக்கலாம். உழைப்பின் விலையில் இருக்கலாகாது.

தேவை குறைவு என்னும் வாதம் தங்கவயலுக்குப் புதிதல்ல. ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், ஆங்கிலோ இந்தியருக்கு ஒன்று, பூமிக்கடியில் இறங்கிய தமிழ்த் தொழிலாளிக்கு மற்றொன்று. அன்று இனம், இன்று ஊர்.

அரசு வானொலியின் நிலையும் பெருமைப்படத்தக்கதல்ல. ஆகாசவாணியில் நிரந்தர அறிவிப்பாளர் பணியிடங்கள் சுருங்க, தற்காலிக அறிவிப்பாளர்களைக் கொண்டே நிலையங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு பணிமுறைக்கும் ஒரு தொகை. மாதத்திற்கு ஆறு முறை என்ற வரம்பு. பட்டியலில் பெயர் இருக்கும், பணியில் உரிமை இருக்காது. ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கலைஞர் என்று பெயர். இனிய சொல்தான், அதைக் கொடுத்து மளிகை வாங்க இயலாது. அவர்களைத் தொழிலாளியாக எண்ணத் தயங்கிய பிழை நமது சங்கங்களுக்கும் உண்டு.

நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத் தர வேண்டும் என்று, பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்போ, பகுதிக்குப் பகுதி வெவ்வேறு தள ஊதியம் நிர்ணயிக்க இடம் தருகிறது. பத்திரிகையாளருக்கு 1955இன் சட்டம் ஊதியக் குழுவைத் தந்தது. வானொலி அறிவிப்பாளர் அதற்கு வெளியே நின்றார்.

1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இவ்வூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுரங்கம் சுரங்கமாகப் பிரிந்து நிற்கவில்லை. அறிவிப்பாளர்கள் நிலையம் நிலையமாகத் தனித்துக் கிடக்கிறார்கள். பெங்களூரு செல்லும் நம் இளைஞர்களில் யார் யார் எந்த ஒலிபரப்புக் கூடத்தில் வேலை செய்கிறார்கள், கையில் என்ன ஒப்பந்தம், ஒரு முறைக்கு எவ்வளவு என்ற விவரங்களை ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்திற்குள் திரட்டித் தர வேண்டும்.