மின்னோட்டத்தின் நாட்குறிப்பு

 

காய்ச்சலால் வாடும் ஒருவரை மருத்துவர் காலையில் வந்து பார்க்கிறார். உடம்பில் சூடு இல்லை. "நலமாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் நோயாளிக்கு நாள்தோறும் நள்ளிரவில் காய்ச்சல் ஏறுகிறது, விடியுமுன் இறங்கிவிடுகிறது. மருத்துவர் கண்டது பொய்யன்று. அந்தக் கணத்து உண்மை அது. ஆயினும் நோயை அறிய அந்த ஒரு கணம் போதவில்லை. இதனாலன்றோ மருத்துவமனையில் கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாளை மாட்டி, மணிக்கணக்கில் சூட்டைக் குறித்துவைக்கிறார்கள்!

மின்சாரத்திற்கும் இத்தகைய தாள் ஒன்று வேண்டும். அதனைத் தானே எழுதிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். டேட்டா லாகர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நாம் அதனைப் பதிவி என்று அழைப்போம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. உள்ளே ஒரு கடிகாரம், ஓர் அளவி, ஒரு நினைவட்டை. இவ்வளவே அதன் குடும்பம்.

ஆரல்வாய்மொழியைக் கடந்து செல்வோர் முப்பந்தலில் வரிசை வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். அவை கம்பிகளுக்கு அளிப்பது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. நான் பேசப்போவது அதைப் பற்றியன்று. ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டத்தைப் பற்றியே பேசப்போகிறேன். கூரைமேல் வைத்த சூரியத் தகடு தருவது அது. பாட்டரி சேர்த்துவைத்துக் கொடுப்பதும் அதுவே. குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குச் செல்லும் படகில் திசைகாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கும், கரையோடு பேசும் கம்பியில்லாக் கருவிக்கும் உயிர் கொடுப்பதும் அதுவே.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை இங்கு யாரும் மறந்திருக்க முடியாது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குச் சென்றவர் பலர் திரும்பவே இல்லை. அத்தகைய நாளில்தான் ஒரு பாட்டரியின் அருமை தெரியும். "நேற்றுப் பார்த்தேன், நன்றாக இருந்தது" என்ற சொல் அப்போது யாருக்கும் ஒளி கொடாது. எனவே பாட்டரியை இடைவிடாது கவனித்து அறிதல் வீண்வேலையன்று.

இடைவிடாது கவனித்துக் குறித்துவைக்கும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதுமன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் திருவனந்தபுரத்தில் வான் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1852-இல் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளைக் குறிப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். கீழே நகரத்தில் காணும் அசைவு மலையுச்சியிலும் அவ்வாறே நிகழ்கிறதா என்று அறிய விரும்பினார். 1855-இல் அகத்திய மலையின்மீது, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மற்றோர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். மழையும் குளிரும் மிக்க அவ்விடத்தில் மனிதர்கள் தங்கி, குறித்த நேரம்தோறும் ஊசியைப் பார்த்து எண்களை எழுதினர். அவர்களுடைய விழிப்புத்தான் அன்றைய பதிவி. இன்று அவர்கள் பணியின் ஒரு பகுதியை ஓர் அங்குலச் சில்லு செய்கிறது. ஆனால் அவர்கள் காட்டிய நேர்மையையும் பொறுமையையும் சில்லு தானாகத் தந்துவிடாது. அது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் கருவி வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளலாம். பதிவியின் அளவி மின்னழுத்தத்தைப் படிக்கட்டுகளாகப் பிரித்து எண்ணுகிறது. மாணவர்கள் எளிய விலைக்கு வாங்கக்கூடிய பல சில்லுகள் 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தத்தை 1024 படிகளாக்குகின்றன. ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். ஆனால் நம் பாட்டரி 12 வோல்ட். மின்னேற்றும்போது 14 வோல்ட்டுக்கும் மேலே செல்லும். அதனை நேரே இணைத்தால் சில்லு கருகிவிடும். ஆகவே 20,000 ஓம் மின்தடை ஒன்றையும் 10,000 ஓம் மின்தடை ஒன்றையும் தொடரிணைப்பில் பாட்டரிக்குக் குறுக்கே பொருத்தி, சிறிய தடையின் முனைகளில் மட்டும் அளக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு அழுத்தமே சில்லைச் சேரும். 15 வோல்ட் 5 வோல்ட்டாகும். படித்த எண்ணை மூன்றால் பெருக்கினால் உண்மை அளவு கிடைத்துவிடும்.

மின்னோட்டத்தை அளப்பது சற்றுக் கடினம். ஓடும் வழியில் ஷண்ட் என்னும் மிகச் சிறிய தடையை வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஒருவகை ஷண்ட், 50 ஆம்பியர் ஓடும்போது 75 மில்லிவோல்ட் காட்டும். அப்படியானால் 5 ஆம்பியருக்கு 7.5 மில்லிவோல்ட், 4 ஆம்பியருக்கு 6 மில்லிவோல்ட். முன்சொன்ன சில்லின் ஒரு படியே 4.9 மில்லிவோல்ட் அன்றோ? ஆதலின் 4 ஆம்பியரும் 5 ஆம்பியரும் அதன் கண்ணுக்கு ஒன்றே! முழம் குறித்த கோலால் நெல்மணியை அளக்க முடியுமா? இதற்கென 65,536 படிகள் கொண்ட நுண்ணிய அளவிகள் உள்ளன. கால் வோல்ட்டளவில் அமைத்துக்கொண்டால், அவற்றின் ஒரு படி இந்த ஷண்டில் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியரைக் காட்டும். அளக்கும் பொருளுக்கு ஏற்ற கோலைத் தேர்வதே அளவையின் முதற்பாடம்.

நிமிடத்திற்கு ஒரு முறை அளந்தால் நாளொன்றுக்கு 1,440 வரிகள். ஆண்டொன்றுக்கு 5,25,600 வரிகள். வரிக்கு முப்பது எழுத்து என்றாலும் ஒன்றரைக் கோடியைச் சற்றுத் தாண்டிய எழுத்துகளே ஆகும். நகத்தளவு நினைவட்டை பல ஆண்டுகளின் கணக்கைத் தாங்கும்.

இக்கருவி என்ன செய்யும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் சிறிய வாசகசாலை ஒன்று உண்டு. தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் இரவில் அங்கே வந்து படிப்பார்கள். ஒரு சூரியத் தகடும், 75 ஆம்பியர்-மணி பாட்டரியும், விளக்குகளும், ஒரு விசிறியும் ஊரார் பணத்தில் அமைந்தன. மூன்று ஆண்டுகளில் இரண்டு பாட்டரிகள் கெட்டன. பழுதுபார்ப்பவர் முற்பகல் பதினோரு மணிக்கு வந்து பார்ப்பார். அப்போது வெயில் நன்றாக அடிக்கும், அளவி 13.6 வோல்ட் காட்டும். "தகட்டில் குறையில்லை, பாட்டரியைத்தான் மாற்ற வேண்டும்" என்பார். மூன்றாவது பாட்டரிக்கும் ஊரில் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகள் விளக்கை மாற்றி மாற்றி அணைத்துச் சிக்கனமாகப் படித்தார்கள்.

பணம் கொடுக்குமுன் பத்து நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, கல்லூரி மாணவர் சிலருடன் ஒரு பதிவியைப் பொருத்தினோம். அது டிசம்பர் மாதம். பத்து நாட்களின் கணக்கைத் தாளில் வரைந்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. முதலாவது, பகலில் சேர்வது 16 ஆம்பியர்-மணி. இரவில் 4 ஆம்பியர் வீதம் ஐந்து மணிநேரம் செலவாவது 20 ஆம்பியர்-மணி. வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் அது. விடியற்காலை அழுத்தம் முதல்நாள் 12.6 வோல்ட், பத்தாம் நாள் 12.1 வோல்ட். ஈய-அமிலப் பாட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதி காலி. நிறையாமலே நாட்களைக் கழிக்கும் பாட்டரியில் ஈயச் சல்பேட்டு படிகமாக இறுகிவிடும். பின்னர் அது மின்னை ஏற்காது. முந்திய இரண்டும் மடிந்த காரணம் இதுவே.

இரண்டாவது செய்திதான் வியப்பானது. நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணியைச் சற்றுக் கடந்ததும் மின்னோட்டம் 4 ஆம்பியரிலிருந்து ஓர் ஆம்பியருக்குக் கீழே, வாளால் வெட்டினாற்போல் விழுந்தது. மேகம் என்று சிலர் சொன்னார்கள். மேகத்திற்குக் கடிகாரம் ஏது? மேகத்தின் கோடு ஏறி இறங்கித் தத்தளிக்கும். நேரம் தவறாமல் விழாது. கூரைமேல் ஏறி இரண்டு மணிவரை காத்திருந்தோம். தென்மேற்கே நின்ற தென்னையின் நிழல் மெல்ல ஊர்ந்து வந்து தகட்டின் ஓரத்தைத் தொட்டது. தகட்டிலுள்ள செல்கள் தொடரிணைப்பில் கோக்கப்பட்டவை. ஆகையால் ஒரு செல்லின்மேல் விழுந்த நிழல் மற்றவற்றின் ஓட்டத்தையும் அடைத்துவிட்டது.

தகட்டைப் பொருத்தியவர்கள் ஏன் அதனைக் காணவில்லை? அவர்கள் பொருத்தியது ஏப்ரல் மாதத்தில். நம் ஊர் வடக்கே 8 பாகை அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். தென்னையின் நிழல் வேறு பக்கம் போகும். டிசம்பரிலோ நண்பகலிலேயே சூரியன் உச்சியிலிருந்து 31 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்துவிடும். அப்போதுதான் தென்மேற்குத் தென்னை குறுக்கே நிற்கிறது. தகட்டைப் பத்தடி நகர்த்தினோம். புதிய பாட்டரி வாங்க வேண்டியிருந்ததும் உண்மைதான். ஆனால் அதுவும் அதே வழியில் மடியாமல் காத்துக்கொண்டோம். தென்னையையும் வெட்டவில்லை.

இதிலிருந்து பதிவி ஒருபோதும் தவறாது என்று எண்ணிவிடாதீர்கள். முன்னர்ச் சில்லுக்கு நேர்மை தானாக வராது என்றேனே, அதன் பொருள் இதுதான். பதிவி பொய் சொல்லாது. ஆனால் நாம் தவறாக நிறுத்தினால் தவறையே ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நம்பத்தக்க வோல்ட்மீட்டர் ஒன்றால் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். நல்ல குவார்ட்சுக் கடிகாரமும் மாதத்தில் ஒரு நிமிடத்திற்கு அருகில் பிசகலாம். நிமிடத்திற்கு ஒரு முறை பார்க்கும் கருவி, ஒரு நொடியில் எழுந்தடங்கும் மோட்டாரின் இழுப்பைக் காணாது. வேண்டுமானால் ஒவ்வொரு நிமிடத்திலும் கண்ட உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் சேர்த்து எழுதும்படி அமைக்கலாம். பதிவு அறுந்துபோன இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். அழகுக்காக நடுவில் எண்களை இட்டு நிரப்புவது, மலைமேல் உறங்கிவிட்டு விடிந்தபின் கற்பனையால் ஏட்டை நிரப்புவதற்கு ஒப்பாகும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். 12 வோல்ட் பாட்டரிதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அதன் முனைகள் ஒரு கம்பியால் இணைந்துவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். ஆகவே பாட்டரியின் அருகிலேயே பியூஸ் ஒன்றைப் பொருத்துங்கள். பெரிய கட்டடங்களின் கூரையில் தகடுகளைத் தொடராகக் கோத்து நூற்றுக்கணக்கான வோல்ட் எடுக்கிறார்கள்; அவற்றையும் வீட்டு மின்கம்பிகளையும் மாணவர்கள் தொடவே வேண்டாம்.

பிரவுன் பார்த்த ஊசியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அது நாள்தோறும் அசைவதற்கு வானின் மேலடுக்கில் ஓடும் மின்னோட்டமே காரணமாகலாம் என்று 1882-இல் பால்பர் ஸ்டூவர்ட் கூறினார். பின்னர் அது மெய்யாயிற்று. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், பகலில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் பெரியதொரு மின்னாறு நமக்கு மேலே கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இத்தகைய செய்திகளை ஆராய்கிறது. தெளிந்த வானிலிருந்து மண்ணில் இறங்கும் நுண்ணிய நேர்திசை மின்னோட்டத்தையும் அங்கே அளந்திருக்கிறார்கள். ஓர் ஆம்பியரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ இரண்டு பங்கே ஒரு சதுரமீட்டர் நிலத்தில் இறங்குகிறது. உலகம் முழுவதற்கும் கூட்டினால் ஏறக்குறைய ஆயிரம் ஆம்பியர்!

தென்னையின் நிழலும் வானத்து மின்னாறும் ஒரே முறையால்தான் நமக்குப் புலப்பட்டன. ஒரு முறை பார்த்து முடிவு கட்டாமல், நாள்தோறும் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்ததே அம்முறை. உங்கள் பள்ளியின் கூரையிலும் ஒரு சிறு பதிவியை வையுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்று அதனைக் கேளுங்கள்.