கடல்பாசியும் சாத்துக்குடியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நல்லூர் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்கைப் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. "ஏதாவது ஒரு பலகாரம் செய்முறை சொல்லும்மா, மலரில் போடலாம்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. முறுக்கு, அதிரசம் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால் சாத்துக்குடி ஜெல்லி பற்றிச் சொல்றேன். செய்முறை ஐந்து நிமிஷத்தில் முடிஞ்சிடும். ஆனால் அதைக் கற்றுக்கொள்வதற்குள் எங்க வீட்டில் தனித்தனியா இரண்டு உலை வைக்கும்படி ஆயிடுச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

மூணு வருஷத்துக்கு முன்னால் புரட்டாசி மாசம். எங்க வீட்டில் புரட்டாசி என்றால் முட்டைகூட வாசப்படி ஏறாது. என் அத்தை, அதாவது மாமியார், சனிக்கிழமை சனிக்கிழமை விரதம் இருப்பாங்க. அந்த மாசத்தில்தான் பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வேண்டாம், முட்டை இருக்கும் என்று நானே முடிவு பண்ணி, போனில் பார்த்து ஆரஞ்சு ஜெல்லி செய்தேன். அதுக்கு ஜெலட்டின் பவுடர் வேணும் என்று சொன்னாங்க. கேக் சாமான் விற்கிற ஒரு கடையில் சில்லறையா பாலிதீன் கவரில் கட்டிக் கொடுத்தாங்க. வெள்ளையா ரவை மாதிரி இருந்தது. அது என்ன, எதிலிருந்து வருது என்று நான் கேட்கலை. கடைக்காரர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். கேட்காதது என் தப்பு.

அத்தைதான் முதலில் சாப்பிட்டாங்க. "நல்லா வழவழன்னு இருக்குதே" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டாங்க. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க வர்றதுக்குள் கரண்ட் போயிடுச்சு. அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் இருந்ததெல்லாம் தண்ணியா ஓடிடுச்சு. அப்பத்தான் எட்டாவது படிக்கிற என் பொண்ணு, ஏன் இப்படி உருகுது என்று போனில் தேடிப் பார்த்து, எல்லார் முன்னாலும் சத்தமா வாசிச்சா: ஜெலட்டின் என்பது மாடு, பன்றி இதுகளோட தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பொருள் என்று.

அத்தை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தால் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எழுந்து போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டாங்க. மறுநாள் காலையில் பார்த்தால், பின்கட்டில் மூணு கல்லை வைத்து, ஒரு சின்னச் சட்டியில் தனக்கு மட்டும் சோறு வடிக்கிறாங்க. நான் போட்ட காபியைக்கூடத் தொடலை. "தெரியாம நடந்துச்சு அத்தை" என்று காலைப் பிடிச்சுச் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா. ஆனா தொண்டையில எறங்கலையே" என்று மட்டும் சொன்னாங்க. வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கிட்டு இரண்டு பக்கமும் பேசாம இருந்தார். ஆம்பளைங்க வழக்கமா செய்றதுதான்.

அந்த வாரம் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகை வந்துடுச்சு. எங்க குழுவில் பாய் வீட்டு அக்கா ஒருத்தங்க இருக்காங்க. விஷயத்தைக் கேட்டுட்டு, "அடி பைத்தியக்காரி, நாங்களும்தான் அந்த ஜெலட்டினைத் தொட மாட்டோம். நோம்பு நேரத்துல கடப்பாசி காய்ச்சுறோமே, அதைக் காய்ச்சிக் கொடு" என்றாங்க. கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர் எல்லாம் ஒண்ணுதான். பொடியாவும் வரும், வெள்ளை நார் மாதிரி கட்டாவும் வரும்.

நான் வாங்கி வந்த பாக்கெட்டை அத்தை கையில் கொடுத்தேன். "கடல்ல இருந்து வர்றதுன்னா மீன் வகைதானே?" என்று கேட்டாங்க. இல்லை அத்தை, நம்ம மணிமுத்தாத்துப் பாசி மாதிரி இது கடலில் பாறை மேல் முளைக்கிற பாசி, உயிர்ப்பிராணி இல்லை என்று சொன்னேன். பொண்ணு பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்குதா என்று காட்டினா. நீங்களும் இதைப் பார்த்துக்குங்க. பச்சைப் புள்ளி என்றால் சைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். சில்லறையா கட்டிக் கொடுக்கிற கவரில் இந்தக் குறி எதுவும் இருக்காது.

"எதுக்கும் என் கண்ணு முன்னால காய்ச்சு" என்று சொல்லி அத்தை மணையைப் போட்டு உட்கார்ந்தாங்க.

இப்போ செய்முறை. நார் மாதிரி இருக்கிற கடல்பாசி 10 கிராம். கத்தரியால் சின்னச் சின்னதா வெட்டி, அலசிட்டு, மூணு டம்ளர் பச்சைத் தண்ணியில் அரை மணி நேரம் ஊற வைக்கணும். நம்ம 200 மில்லி டம்ளர் கணக்கு. ஊறின தண்ணியோட அப்படியே அடுப்பில் வைத்து, நடுத்தரத் தீயில் கிண்டிக்கிட்டே இருக்கணும். கொதி வந்த பிறகும் எட்டுப் பத்து நிமிஷம் ஆகும். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு நார்கூடத் தெரியக்கூடாது. அதுக்குப் பிறகுதான் சர்க்கரை, முக்கால் டம்ளர். சர்க்கரை கரைஞ்சதும் அடுப்பை அணைச்சு, வடிகட்டியில் வடிச்சுடணும்.

முதல் தடவை நான் சாத்துக்குடிச் சாறையும் பாசியோடு சேர்த்தே கொதிக்க விட்டுட்டேன். உறையவே இல்லை, கஞ்சி மாதிரி நின்னுச்சு. கசப்பு வேற. புளிப்புச் சாறு கூடச் சேர்ந்து கொதிச்சா பாசிக்கு இறுகுற சக்தி குறைஞ்சு போகும். அதனால் அடுப்பை அணைச்ச பிறகுதான் சாறு. சாத்துக்குடிச் சாறு ஒரு டம்ளர், அதோட அரை எலுமிச்சம்பழம். சாத்துக்குடியைப் பிழியும்போது கொட்டையையும் உள்தோலையும் நசுக்கக்கூடாது, கசப்பு அதிலிருந்துதான் வருது. சாறு பிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ச்சியில் இருக்கக்கூடாது. ஜில்லுன்னு ஊத்தினால் அங்கங்கே திரிதிரியா உறைஞ்சிடும். எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் லேசாத் துருவிப் போட்டால் வாசனை தூக்கும். வெள்ளைப் பகுதி வரக்கூடாது.

உடனே, தண்ணி தெளிச்ச எவர்சில்வர் தட்டில் ஊத்தணும். யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கைச்சூட்டுக்கு வந்தாலே பாசி இறுக ஆரம்பிச்சுடும், பாத்திரத்திலேயே உறைஞ்சிடும். தட்டில் ஊத்தினால் அரை மணி நேரம் போதும், பிரிட்ஜ் வேண்டாம். கத்தியால் துண்டு போட்டால் மைசூர்பாகு மாதிரி நிக்கும். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிடும். அதனால்தான் அன்னைக்குக் கிண்ணத்தில் ஓடுச்சு. கடல்பாசி ஒரு தடவை உறைஞ்சால், மறுபடி உருக 85 டிகிரி சூடு வேணும். நம்ம சித்திரை வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் ஏத்தது இதுதான்.

அன்னைக்கு அத்தை சாப்பிடலை. பார்த்துட்டு எழுந்து போயிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி செய்தேன். இந்தத் தடவையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க. ஊத்தின பிறகு தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டி நான் சமன் பண்ணினேன். "ஆட்டாதம்மா!" என்று ஒரு அதட்டல். அத்தை சின்ன வயசில் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனவங்க. களிமண் கூழை அச்சில் ஊத்துற வேலை. "ஒரு மூச்சுல ஊத்தணும். ஊத்திட்டா கைய எடுத்துடணும். ஆட்டினா கோடு விழும், சுட்டதும் அங்கதான் வெடிக்கும்" என்று சொல்லி, பாத்திரத்தை என் கையில் இருந்து வாங்கி, மீதியைத் தானே ஊத்தினாங்க. அப்படி ஒரு வழவழப்பு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரலை. உறைஞ்சதும் முதல் துண்டை அவங்களே எடுத்து வாயில் போட்டுக்கிட்டாங்க. நான் பாத்திரம் கழுவுற மாதிரி திரும்பிக்கிட்டேன். மறுநாள் பின்கட்டில் அடுப்பு புகையலை.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பாசி எங்கிருந்து வருது என்று அத்தை கேட்டுக்கிட்டே இருந்ததால், பொண்ணு தேடிப் படிச்சுச் சொன்னா. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, பெண்கள்தான் கடலுக்குள் முங்கி இதைக் கையால் பறிக்கிறாங்க. அகர் எடுக்கிற பாசிக்கு அங்கே மரிக்கொழுந்துப் பாசி என்று பேர். கண்ணுக்குக் கண்ணாடி, விரலில் சுற்றின துணி, இடுப்பில் ஒரு பை, அவ்வளவுதான். சேலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கிட்டு மூச்சைப் பிடிச்சு இறங்குறாங்க. பாறையில் கை கிழியும். எல்லாப் பாக்கெட்டும் அங்கிருந்துதான் வருது என்று சொல்ல மாட்டேன், வெளிநாட்டுச் சரக்கும் இருக்கு. ஆனாலும் அவங்க நம்மள மாதிரி கூட்டமைப்பாச் சேர்ந்தவங்க. பாசி அழிஞ்சிடக்கூடாது என்று மாசத்தில் 12 நாள் மட்டும் பறிக்கிறது என்று தாங்களே கட்டுப்பாடு வைச்சாங்க. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற அம்மாவுக்கு, இந்தப் பெண்களை ஒண்ணு சேர்த்ததுக்காக 2015-ல் அமெரிக்காவில் இருக்கிற சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. இதைக் கேட்டதில் இருந்து அத்தை வடிகட்டியில் ஒட்டினதைக்கூட வீணாக்க விடுறதில்லை.

இரண்டு எச்சரிக்கை. சின்னப் பிள்ளைங்களுக்கு முழுத் துண்டாக் கொடுக்காதீங்க, வழுக்கித் தொண்டையில் அடைச்சுக்கும். கரண்டியால் மசிச்சுக் கொடுங்க. நெய் இல்லை, பால் இல்லை, வயித்துக்கு லேசா இருக்கும் என்பது சரி. ஆனால் சர்க்கரை இருக்கு. சுகர் இருக்கிறவங்க "ஜெல்லிதானே" என்று நாலு துண்டு எடுத்துடாதீங்க.

வெளியே தண்ணிப் பானைக்குப் பக்கத்து மேசையில் இரண்டு தட்டு வைச்சிருக்கேன். கோடு விழுந்திருக்கிறது நான் ஊத்தினது. மூணாவது வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்காங்களே, இன்னொண்ணு அவங்க ஊத்தினது.