கருவி புதிது, மொழி நமதாகுக!

(நாகர்கோவிலில் அலுவலகப் பணியாளரிடையே ஆற்றிய உரை)



முப்பதாண்டுகள் கணக்கெழுதிப் பிழை காணாத கை, இன்று இணையத் திரையின் முன்னே நடுங்குகின்றது. பதிவு ஏறவில்லையென்றால், "எனக்கு அறிவு போதாது" என்று பணியாளர் தம்மையே நொந்துகொள்கின்றார். இளையோர் நகைக்கின்றனர், மேலலுவலர் சினக்கின்றார். இவ்விழிவு அவருக்கு உரியதுதானா? அன்று என்று கூறவே இங்கு நிற்கின்றேன்.

கருவியொன்றைக் கற்பதாவது யாது? இதனை அழுத்தினால் இன்னது நிகழும் என்று பொருளறிந்து செய்தல். திரையிலுள்ள சொல் விளங்காதவர் பொருளை அறிவதில்லை. இடத்தையும் நிறத்தையுமே நெட்டுருப் போடுகின்றார். 'மேலே மூன்றாம் வரி. பிறகு பச்சைக் கட்டம்' என்பதே அவர் கற்ற கல்வி! அடுத்த திங்களில் செயலியைப் புதுப்பித்துக் கட்டத்தை இடம் மாற்றிவிட்டால், கற்றதனைத்தும் ஒரே நாளில் கரைந்துபோகின்றது. பிழை நேர்ந்தால், எங்கே பிழை என்று சொல்லவரும் செய்தியும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. பிறகு அவர் எவ்வாறு திருத்துவார்?

இஃது அலுவலக மேசையோடு முடியும் துன்பமன்று. நூறுநாள் வேலைத்திட்டத்தில், 2023 சனவரி 1 முதல் பணியிடந்தோறும் செல்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படமெடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அலை எட்டாத மலையோரத்தில் படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் சுமந்தவர்க்குக் கூலி தவறுமே என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. கருவியின் குறைக்கு ஏழையின் அடுப்பா விலை?

தமிழால் இயலாது என்பார்க்கு ஒன்று சொல்வேன். பழைய தட்டச்சுப் பொறியில் 'கெ' என்றெழுத முதலில் கொம்பு, பின்னர்க் ககரம். 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையிலோ உயிரெழுத்துகள் இடக்கைப் புறம்; மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் புறம். ககரத்தை அடுத்து எகரத்தைத் தட்டினால் 'கெ' பிறக்கின்றது. 'ங'வை அடுத்துக் 'க'வைத் தட்டினால் புள்ளி தானே அமைந்து 'ங்க' ஆகின்றது. நம் இலக்கணம் கண்ட இனவெழுத்து உறவு பொறிக்குள்ளேயே குடியிருக்கின்றது! மொழியின் இயல்போடு இயைந்த கருவி விரைவில் கைவரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குமரி மண்ணுக்கு இது புதிய பாடமன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீச்சுரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. அதற்குமுன் திருவிதாங்கூர் ஆட்சியில் எழுந்த நில ஆவணங்கள் பல மலையாள எழுத்தில் இருந்தன. தம் வயலின் எல்லையைப் படித்தறியவும் பிறரை நாடிய உழவர்கள் இங்கு இருந்தனர். இணைந்த அதே ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் நிறைவேறியது. தாளில் வென்ற தமிழைத் திரையில் தோற்கவிடலாமா?

ஆகவே நாம் கேட்பன இவை: பணியாளர் தொடும் ஒவ்வொரு திரையும், பிழைச்செய்தி உட்படத் தமிழில் அமைய வேண்டும். ஒரு செயலியில் 'சமர்ப்பிக்க', இன்னொன்றில் 'உள்ளிடுக' என்று மயக்காமல், ஒரு செயலுக்கு ஒரே நல்ல தமிழ்ச்சொல் எங்கும் வழங்க வேண்டும். பயிற்சி வேலை நேரத்திலேயே தரப்பட வேண்டும். தமிழில் அச்சிட்ட கையேடு மேசையில் இருக்க வேண்டும். கட்டத்தை இடம் மாற்றுமுன் அதனை நாள்தோறும் தொடுவோரைக் கேட்க வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. கடவுச்சொல், பதிவேற்றம், உள்நுழைவு என்னும் சொற்களை மேடையில் முழங்கிவிட்டு, மேசையில் ஆங்கிலத்தையே ஆள்வது தமிழ்ப்பற்றாகாது. அருகிலிருக்கும் மூத்தவர் திணறும்போது அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி நாமே முடித்துத் தருவது உதவியுமன்று. அவர் விரலாலேயே அழுத்தச் செய்து, அழுத்தும் சொல்லின் பொருளைத் தமிழில் விளக்குங்கள். பொருள் விளங்கிய பின், கட்டம் எங்கே ஓடினாலும் அவர் தேடிப் பிடிப்பார்.

நாளை காலை அலுவலகம் புகுந்ததும் இத்தொண்டைத் தொடங்குங்கள்!