பிள்ளையோட பேசுங்க



நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

என் சின்னவன் கைக்குழந்தையா இருந்தப்போ, வேலை முடியணுமேன்னு செல்போனில் இங்கிலீஷ் பாட்டைப் போட்டு அவன் முன்னால வைத்துவிடுவேன். அழுகையும் நிற்கும், இங்கிலீஷும் வரும் என்று நினைப்பு. என் மாமியார் அவனை மடியில் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள். "அவனுக்கு என்னத்தை புரியப்போகுது, சும்மா இருங்க அத்தை" என்று சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள், லீவுக்கு வந்தப்போ அவள் பாடத்தில் இருந்து இரண்டு ஆராய்ச்சியைச் சொன்னாள்.

ஒன்று கனடா நாட்டில் நடந்தது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு பேர் 1984-இல் எழுதினார்கள். இந்தியில் 'த', 'ட' இரண்டும் வேற வேற சத்தம். நமக்கும் அப்படித்தான், பத்து வேற, பட்டு வேற. இங்கிலீஷ் மட்டும் பேசுகிற பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. ஆனால் இங்கிலீஷ் வீட்டில் வளர்ந்த 6 முதல் 8 மாதப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. பேசாத பிள்ளை எப்படிச் சொல்லும் என்று கேட்பீங்க. சத்தம் மாறும்போது பிள்ளை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஆடும். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 10, 12 மாதப் பிள்ளைகளைப் பார்த்தால் பெரும்பாலும் தலை திரும்பவில்லை. வீட்டில் கேட்கிற சத்தத்தில் காது ஊன்றிப் போச்சு.

அடுத்தது அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில். பேட்ரிசியா குல் என்ற அம்மாவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது, 2003-இல் வெளிவந்தது. 9 மாத அமெரிக்கப் பிள்ளைகளோடு சீனமொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து, 12 தடவை பேசினார்கள். தடவைக்கு 25 நிமிடம் போல. அந்தப் பிள்ளைகளுக்குச் சீனச் சத்தம் பிடிபட்டது. அதே ஆட்கள் பேசியதை டிவியில் காட்டினார்கள். பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் சும்மா இருக்கச் சொன்னது யாரை?

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நல்லாப் படிக்கட்டும். ஆனால் கைக்குழந்தைக்கு முகம் பார்த்துப் பேச ஆள் வேணும். குளிக்க வார்க்கும்போது பேசுங்க, காய் நறுக்கும்போது பேசுங்க. குழுவில் வாராவாரம் போடுகிற சேமிப்பு மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமாச் சேரும். இதற்குக் கடனும் வேண்டாம், வட்டியும் இல்லை.

அத்தனை பாட்டுக் கேட்டும் என் மகன் வாய் திறந்து முதலில் சொன்னது "அப்பாயி" என்றுதான். அந்த அப்பாயி இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அத்தை, அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க.