மூன்றாம் நம்பர் வீட்டுச் சுவர்

(நமது மருத்துவமனையின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில் ஆதரவாளர்கள் முன்னிலையில் நிர்வாகக் குழுவின் சார்பாக ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் கணக்கு வாசிப்போம்: இத்தனை பிரசவம், இத்தனை கண் அறுவை, இத்தனை இலவசப் படுக்கை என்று. அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கைகளில் இருக்கிறது. ஆறுதலாக வீட்டில் வாசித்துக்கொள்ளலாம். இன்று ஒரு சுவரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். அது எங்கள் சுவர். உங்கள் சுவர் என்றும் சொல்லலாம், ஏனென்றால் உங்கள் பெற்றோர் கொடுத்த காணிக்கையில்தான் அந்த ஊழியர் குடியிருப்பு வரிசை எழும்பியது.

எங்கள் பெண்கள் வார்டில் இரவுப் பணி செய்யும் ஆயாம்மா ஒருவர் அந்த வரிசையில் மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கிறார். அவருடைய பேரனுக்கு நான்கு வயது. பையனுக்கு இழுப்பு. ஒரே வருஷத்தில் பதினொரு தடவை நம் வெளிநோயாளர் பிரிவுக்கு அவனைத் தூக்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தோம், மூச்சு சீரானது, சீட்டில் மருந்தெழுதி அனுப்பினோம். ஒரு தடவை ஆயாம்மா எங்கள் டாக்டரிடம் சொன்னார்: "மருந்து குடுத்தா நாலு நாள் நல்லா இருக்கான் டாக்டரம்மா. மழை பெஞ்சா திரும்ப இழுக்குது. வீடே ஓதம் காத்துக் கெடக்கு."

டாக்டர் அதைச் சீட்டில் எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தச் சீட்டில் இடமும் இல்லை: வயது, எடை, காய்ச்சல், மருந்து, அவ்வளவுதான்.

ஆயாம்மா அலுவலகத்திலும் மூன்று முறை சொல்லியிருக்கிறார். நாங்கள் என்ன பதில் சொன்னோம்? ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள், சமைக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள் என்று புத்தி சொன்னோம். கிறிஸ்துமசுக்கு முன் ஒரு வாளி சுண்ணாம்பும் மட்டையும் கொடுத்து அனுப்பினோம். அதைத் தாராளம் என்றே அப்போது நினைத்தோம்.

நாங்கள் விழித்துக்கொண்டது ஒரு மாதாந்தரக் கூட்டத்தில். எங்கள் குழந்தை மருத்துவர் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தை விவரித்தார். உங்களில் சிலர் செய்தியில் பார்த்திருக்கலாம். ராச்டேல் என்ற ஊரில், சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதியர் ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அது வசதியற்றவர்களுக்கு வீடு கொடுக்கும் ஓர் அமைப்பின் வீடு. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. 2017-லேயே தகப்பனார் முறையிட்டார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. அடித்தார், திரும்ப வந்தது. அந்த வீட்டில் மகன் பிறந்தான். அவன் பெயர் அவாப் இஷாக். 2020-இல் வீட்டைப் பார்வையிட்டவர்கள் பூஞ்சையை நேரில் கண்டார்கள். தாய்சேய் நலத்தைக் கவனிக்கும் செவிலியரும் எழுதினார். அதற்குள் வழக்கறிஞர் மூலமாகக் கோரிக்கை வந்துவிட்டதால், அது முடியும் வரை பழுது பார்க்கும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 டிசம்பர் 21-ஆம் தேதி, இரண்டு வயது நிறைந்து ஒரு சில நாள்களே ஆகியிருந்த அந்தப் பிள்ளை இறந்துபோனான். 2022 நவம்பரில் மரண விசாரணை முடிந்தது. வீட்டுப் பூஞ்சையை நீண்டகாலம் சுவாசித்ததால் உண்டான கடுமையான சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயிற்று.

இதில் எங்களைத் தைத்தது ஒரு சிறு விவரம். அந்தக் குடும்பம் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளிப்பதால்தான் ஈரம் சேருகிறது என்று வீட்டை நடத்தியவர்கள் எண்ணியிருந்தார்களாம். குடியிருப்பவர்களின் வாழ்க்கைமுறையைப் பற்றி அப்படி ஊகித்தது தவறு என்று பின்பு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வாளியில் மொண்டு குளிப்பது! இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் எல்லாரும் இன்று காலை அதைத்தானே செய்துவிட்டு வந்தோம்.

டாக்டர் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் கணக்கர்தான் கேட்டார்: "நாமும் சுண்ணாம்பு வாளிதானே கொடுத்தோம்?"

அன்று சாயங்காலமே ஐந்து பேராக மூன்றாம் நம்பர் வீட்டுக்குப் போனோம். ஆயாம்மா பதறிப்போய் நாற்காலி தேடினார். பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பின்னால் ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. கட்டிலடியில் சுருட்டி வைத்திருந்த பாயின் ஓரமெல்லாம் பச்சை. பையன் தலைவைத்துப் படுக்கும் இடம் அந்தச் சுவரோரம்தான். வேறு இடம் அந்த வீட்டில் கிடையாது.

பிறகு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினோம். பல வருஷமாக எங்களில் ஒருவரும் அங்கே ஏறியதில்லை. மாடியில் நாங்கள் வைத்த தண்ணீர்த் தொட்டி, சரியாக மூன்றாம் நம்பருக்கு மேலே. நிரம்பி வழியும் குழாய் மாடியிலேயே ஊற்றுகிறது. மழைத்தண்ணீர் இறங்கும் வாயில் வேப்பிலை அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று வேர் விட்டு நின்றது. தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்படிச்சா கீழே வெளுக்கும் ஐயா, மேலே யாரு அடைப்பா?" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் உங்கள் ஆலயத்திலும் இதே கதை இருக்கக்கூடும். பூஞ்சையின் வித்துகள் எங்கும் காற்றில் இருக்கின்றன. அவற்றை ஒழித்துக்கட்ட யாராலும் ஆகாது. அவை காத்திருப்பது தண்ணீருக்காக. நனைந்த இடம் ஓரிரு நாளுக்குள் உலராவிட்டால் முளைக்கத் தொடங்கிவிடும். தூசி, மரம், காகிதம், பழைய வர்ணப்பூச்சு எல்லாம் அதற்கு ஆகாரம். புதுச் சுண்ணாம்பின் காரம் சில வாரம் அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு. வீட்டுக்குள் உண்டாகும் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. நம் ஊரில் பெரும்பாலும் மாடியிலிருந்து இறங்கும் மழை, சுவருக்குள் கசியும் குழாய், அஸ்திவாரத்திலிருந்து மேலேறும் ஓதம். வழி வேறு, ஆனால் நனைந்த சுவர் நனைந்த சுவரே. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகமாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. பையனின் இழுப்புக்கு அந்தச் சுவர் ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவன் தாய்க்கும் சிறுவயதில் இழுப்பு இருந்ததாம். ஆனால் அவனை ஒவ்வொரு தடவையும் எங்கே திருப்பி அனுப்பினோம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று புத்தி சொன்னோமே, அந்த அறையின் பின்பக்க ஜன்னல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அடைத்தது நாங்கள்தான். சலவைக்கூடத்துக்காக அந்தப் பக்கம் ஒரு கொட்டகை இழுத்தபோது இடைஞ்சலாக இருந்தது என்று அடைத்தோம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில், வசிக்கும் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றும் வெளிச்சமும் வரும் திறப்பாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுகிறது. நாங்கள் அளந்து பார்த்தோம்; அதில் பாதிகூட இல்லை. அந்தக் கொட்டகைக்கு வரைபட அனுமதியும் வாங்கவில்லை. 'மிஷன் வளாகத்துக்குள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று இருந்துவிட்டோம். உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை.

வேதாகமம் கேட்டிருக்கிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை நாம் பிரசங்கத்தில் அதிகம் எடுப்பதில்லை. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் கறை உண்டானால் என்ன செய்வது என்று அங்கே ஒழுங்கு சொல்லப்பட்டிருக்கிறது. (நம் பழைய மொழிபெயர்ப்பில் இதற்கும் குஷ்டம் என்ற சொல்லே வருகிறது. நாங்கள் மருத்துவமனையில் காணும் தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமியால் வரும் அந்த நோய் சுவருக்கு வராது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.) அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் வீட்டுக்கு உடையவன். ஆசாரியன் வருவதற்கு முன்பே வீட்டைக் காலிபண்ணச் சொல்லுகிறான். அதனால் உள்ளிருக்கும் தட்டுமுட்டுகள் தீட்டாகாமல் தப்புகின்றன. நேரில் வந்து பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து, ஏழாம் நாள் திரும்பவும் வந்து பார்க்கிறான். கறை படர்ந்திருந்தால் கல்லைப் பெயர்த்து, உள்ளெல்லாம் சுரண்டி, வேறு கல் வைத்துப் பூச வேண்டும். அதற்குப் பிறகும் திரும்ப வந்தால் வீட்டையே இடித்துப்போட வேண்டும். மேலே வெள்ளையடித்துக்கொள் என்று ஓரிடத்திலும் இல்லை.

நாள் கணக்கு வைத்து வந்து பார்க்கும் அந்த ஒழுங்குக்கு ஒப்பான ஒன்றைத்தான் இங்கிலாந்து இப்போது சட்டமாக்கியிருக்கிறது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தின்கீழ், அவாப் பெயரிலேயே வழங்கும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அந்நாட்டின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த பின் 5 வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். முடியாவிட்டால் குடியிருப்போருக்கு வேறு தங்குமிடம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலும் விதி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகளை உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் வரைபடத்தில் முத்திரை விழுந்த பிறகு சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்க வருகிறவர் யார்? முறையிட்டால் வீடு போய்விடுமோ என்று பயப்படும் குடித்தனக்காரர் சட்டப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். எங்கள் ஆயாம்மா மூன்று முறை சொன்னதே பெரிய தைரியம்.

இனி பணத்தைப் பற்றி. எட்டு வீடுகளின் தளத்தையும் புதுப்பிக்க, தொட்டியை இடம் மாற்ற, கொட்டகையைப் பிரித்து ஜன்னலைத் திறக்க எங்களிடம் தொகை இல்லை. வாசலில் போர்டிகோ கட்ட இரண்டு சபைகள் கொடுத்த தொகை இருந்தது. ஒரு நோக்கத்துக்குக் கொடுத்ததை மறுநோக்கத்துக்கு எடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே இரு சபைகளுக்கும் உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதினோம். ஒரு சபையார் ஒரு வாரத்தில் சம்மதம் அனுப்பினார்கள். மற்றச் சபையின் மூப்பர் ஒருவர், "நாங்கள் நோயாளிகளுக்கென்று கொடுத்தோம், உங்கள் ஊழியர் வீட்டுக்கென்று அல்ல" என்று எழுதினார். நியாயமான கேள்வி. அந்தத் தொகையை நாங்கள் தொடவில்லை. வங்கியில் அப்படியே இருக்கிறது. எங்கள் பதிலையும் எழுதினோம்: உங்கள் சபையிலிருந்து இங்கே வந்து படுத்த நோயாளிகளை இரவில் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, துணி மாற்றியவர்கள் இந்த எட்டு வீடுகளில்தான் தூங்குகிறார்கள்.

ஒழுகாத குழாய்க்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் பழைய மடல்களைப் புரட்டிப் பார்த்தோம். திறப்புவிழாப் படங்கள் ஏராளம். தளம் பழுதுபார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

சம்மதம் கிடைத்த தொகையில் நான்கு வீடுகளின் தளம் முடிந்திருக்கிறது. கொட்டகை பிரிக்கப்பட்டது, சலவைக்கூடத்துக்கு இந்த முறை வரைபடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்கிறோம். ஆயாம்மாவின் குடும்பம் இரண்டு மாதம் விருந்தினர் விடுதியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறது. பையன் அதற்குப் பிறகு இரண்டு தடவை இழுப்போடு வந்தான். சீட்டில் இப்போது வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதும் இடம் அச்சிட்டிருக்கிறோம்.

ஐந்து முதல் எட்டு வரையுள்ள வீடுகள் பாக்கி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றை முடிக்க வேண்டும். அலுவலக வாசலில் ஒரு முறையீட்டு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்: யார் சொன்னார்கள், எந்தத் தேதி, யார் போய்ப் பார்த்தார்கள், எப்போது முடிந்தது. தேநீர் வேளையில் நீங்கள் தாராளமாகப் புரட்டிப் பார்க்கலாம். முடியாத முறையீடு ஐந்து இருக்கிறது. அதில் ஒன்று நம் ஆயருடைய வீடு. அவர் தம் முறை வரும் வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.