பந்து உதைக்கிற புள்ளைக்கு நாம் என்ன செய்யணும்?

(நரிக்குடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வசூல், வங்கிக் கணக்கு எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு. இப்ப நம்ம பொம்பளப் புள்ளைங்க கால்பந்து விளையாடுறதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் மைதானத்தில் புள்ளைகளோடு நிற்கிற நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டு வந்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

"கபடின்னாலும் பரவாயில்லை, பந்து உதைக்கிறது நம்ம ஊர் விளையாட்டா?" என்று ஒரு அப்பத்தா எங்களிடம் கேட்டார். நம்ம திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி, சாமியாராவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கால்பந்து விளையாடப் பிரியப்பட்டவர். அந்த அப்பத்தாவுக்கு இதைச் சொன்னதும் வாயடைத்துப் போச்சு!

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். காரியாபட்டி பக்கம் புல்லூரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது அல்லவா? அந்தக் கல்லூரியோடு தொடர்புடையதுதான் மதுரை சேது எஃப்.சி. என்கிற பெண்கள் அணி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது அந்த அணிதான். கால்பந்து என்றால் மணிப்பூர் என்று நாடே சொல்லும். அந்த மணிப்பூரை, அதற்கு முந்தைய வருஷம் 2018-ல் கோலாப்பூரில் தமிழ்நாட்டு மாநில அணியும் 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாக தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் மறுபடியும் நம்ம அணிதான் சாம்பியன்.

இவர்கள் யார் வீட்டுப் புள்ளைகள்? பலர் கடலூர் மாவட்டத்துக்காரர்கள், வசதியில்லாத வீட்டுப் பெண்கள். இந்தியாவுக்காக விளையாடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் சென்னையில் ரோட்டில் நின்று டூட்டி பார்த்தார். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதும் நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஒன்று. விளையாடுற எல்லாருக்கும் வேலை கிடைச்சுரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அந்த ஆசையை மட்டும் வைத்து அனுப்பினால், முதல் தோல்வியிலேயே புள்ளையை நிறுத்திருவோம்.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

பெரிய கிரவுண்டு, 11 பேர், நிறைய பந்து, இதெல்லாம் இருந்தால்தான் பயிற்சி என்று நினைக்கக் கூடாது. 20 பேரை ஒரே பந்துக்குப் பின்னால் ஓடவிட்டால் தைரியமான நாலு புள்ளைதான் பந்தைத் தொடும். மற்றதெல்லாம் ஓரமா நின்னு துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டு இருக்கும். அதனால் நாலுக்கு நாலு என்று பிரித்து, செங்கலையோ தண்ணி பாட்டிலையோ கோல் கம்பமாக வைத்து, சின்னக் கட்டத்துக்குள் விளையாட விடுகிறோம். அப்போது கூச்சப்படுற புள்ளைக்கும் பந்து வந்தே தீரும். 12 வயது வரைக்கும் 4-ஆம் நம்பர் பந்து போதும். 13-லிருந்து 5-ஆம் நம்பர். அது 410 முதல் 450 கிராம் எடை. சின்னப் புள்ளை காலுக்கு அது கனம். தலையால் முட்டுவதையும் சின்ன வயசில் பழக்குவதில்லை. அமெரிக்காவில் 10 வயசு வரைக்கும் கூடாது என்று 2015-லேயே சொல்லிவிட்டார்கள்.

நம்ம மண்ணில் வேறு ஒரு வேலையும் இருக்கு, சீமைக்கருவேல முள். பந்துக்கும் பகை, காலுக்கும் பகை. தினமும் ஆட்டத்துக்கு முன்னால் புள்ளைங்களே வரிசையா நின்னு தரையைப் பார்த்துக்கிட்டே நடந்து முள் பொறுக்க வேண்டும். முள் பொறுக்காத நாளில் பந்து கிடையாது.

அதற்கப்புறம் 20 நிமிஷம் உடம்பைச் சூடாக்குதல். பெண் பிள்ளைகளுக்கு வயசுக்கு வந்த பிறகு முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் அறுந்துபோவது ஆண் பிள்ளைகளைவிட அதிகம். இதைத் தடுக்கவே ஃபிஃபா "11 பிளஸ்" என்று 15 பயிற்சிகள் கொண்ட ஒரு முறை வைத்திருக்கிறது. முதலில் மெதுவாக ஓட்டம். அப்புறம் குப்புறப் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது, ஒத்தைக் காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது, குதித்து இறங்குவது. கடைசியில் வேகமாக ஓடிச் சட்டென்று திரும்புவது. குதித்து இறங்கும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கமாக மடியக் கூடாது. நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது அதைத்தான். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் பிள்ளைகளை வைத்துச் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் பலத்த காயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. காசு செலவே இல்லாத மருந்து!

இனி உங்க கையில் இருக்கிற விஷயம், சோறு. தமிழ்நாட்டில் வயசுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. "இவ சோம்பேறி, பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குறா" என்று நாம் திட்டுகிற புள்ளைக்கு உடம்பில் ரத்தம் இல்லாமல் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துருங்க. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை, வயித்தைப் பிரட்டுதுன்னு ஜன்னல் வழியா வீசாமல், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க. முருங்கைக்கீரை, கம்பு, கொண்டைக்கடலை நம்ம வீட்டிலேயே இருக்கு. சாப்பிட்டதும் டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைஞ்சு போகும். முட்டையை வீட்டில் ஆம்பளப் புள்ளைக்கு முழுசா, பொம்பளப் புள்ளைக்குப் பாதியா வைக்கிற பழக்கத்தைப் பத்தி இந்தக் கூட்டத்தில் எத்தனையோ தடவை பேசியாச்சு. மறுபடி சொல்ல எங்களுக்கும் அலுப்புத்தான்.

மாதவிலக்கு நாளில் விளையாடலாமா என்று மெதுவாக வந்து காதில் கேட்கிறவர்கள் அதிகம். விளையாடலாம். வலி இருந்தால் உட்காரலாம், அதை அந்தப் புள்ளையே முடிவு செய்யட்டும். பையில் நாப்கினும் மாத்து உடுப்பும் இருக்கட்டும். அதேபோல அரைக்கால் டவுசர் பற்றிய சண்டை. முழங்கால் தெரியக் கூடாது என்றால், டவுசருக்கு உள்ளே முழுக்கால் டைட்ஸ் போட ஆட்ட விதியே இடம் கொடுக்கிறது, டவுசர் நிறத்தில் இருந்தால் சரி. தலையில் துணி கட்டி விளையாடவும் 2014-லிருந்து ஃபிஃபா அனுமதி உண்டு. வீரசோழன் பக்கத்துச் சகோதரிகளுக்காக இதைத் தனியாகச் சொல்கிறோம். இதுக்காக ஒரு புள்ளையை நிறுத்தத் தேவையே இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி டி.வி. சீரியல், செல்போன் வேண்டாம். சீக்கிரம் தூங்க வைங்க. காலையில் ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன்னால் இட்லி, இடியாப்பம் மாதிரி. புள்ளை போட்டிக்குப் போகுதேன்னு பாசத்தில் பூரி சுட்டுக் கொடுக்காதீங்க, அது வயித்திலேயே உருளும். நம்ம வெயிலுக்குத் தண்ணிதான் முக்கியம். தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 1 லிட்டர் கொதித்து ஆறின தண்ணியில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இது போதும். மோரும் நல்லது. தலைசுத்தல், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்து, நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி ஆஸ்பத்திரிக்கு. தலையில் அடிபட்ட புள்ளை "நல்லாத்தான் இருக்கேன் அக்கா" என்று அழுதாலும் அன்னைக்கு மறுபடி இறக்க மாட்டோம். யாரும் கோபப்படக் கூடாது.

எல்லாருக்கும் ஆட்டத்தில் இடம் உண்டு. எந்தப் புள்ளை நல்லா ஆடுதோ அதையே 2 பாதியும் வைத்து ஜெயிக்கலாம்தான். ஆனால் வெளியில் உட்கார்ந்தே வீட்டுக்குப் போன புள்ளை மறுவாரம் வராது. ஜெயிப்பதைவிட மறுவாரம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

பார்க்க வருகிற அப்பாமார் கோட்டுக்கு வெளியில் நின்று "அங்க உதை, இங்க உதை" என்று கத்தினால் புள்ளை யார் பேச்சைக் கேட்கும்? கை தட்டுங்க, போதும். தோற்று வந்தால் முதலில் சாப்பாடு போடுங்க. 2022-ல் நம்ம நாட்டிலேயே நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியப் புள்ளைங்க 3 ஆட்டத்திலும் தோற்றார்கள். அமெரிக்காவிடம் 0-8. ஒரு கோல்கூடப் போடவில்லை. அதுக்காக யாரும் பெண்கள் அணியைக் கலைத்துவிடவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து, தகுதிச்சுற்று ஆடி முதல் தடவையாக ஆசியக் கோப்பைக்குப் போனது நம்ம பெண்கள் அணி.

கடைசியாக, நாங்கள் இங்கே வந்த காரியம். குறுவட்டப் போட்டி வருகிறது. நம்மிடம் 14 புள்ளைங்க இருக்காங்க. ஒப்புதல் கடிதத்தில் 9 அம்மாக்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டமே தொடங்க முடியாது, 9 பேரை வைத்துத் தொடங்கலாம். ஆனால் 11 பேருக்கு எதிராக 9 பேர் இந்த வெயிலில் ஓடி மாள வேண்டியதுதான். மீதி 5 பேரும் 8, 9-ஆம் வகுப்பு. போன வருஷம் வரை விளையாடியவர்கள்தான், வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதில் ஒரு புள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றும் காதில் விழுந்தது. 18 வயசுக்கு முன்னால் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று நம்ம தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

கூட்டிப்போகப் பெண் ஆசிரியை ஒருவரும் எங்களில் 2 பேரும் கூடவே வருகிறோம். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஒவ்வொரு புள்ளையையும் வீட்டு வாசலில் விட்டுட்டுத்தான் நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போவோம். வேன் வாடகையைக் கூட்டமைப்புப் பொதுநிதியிலிருந்து கொடுக்கத் தீர்மானம் எழுதியாச்சு, யாரும் காசு தர வேண்டியதில்லை. பூட்ஸ் வாங்கக் குழுவில் கடன் கேட்க வேண்டாம். அண்ணன்மார் பழைய பூட்ஸ் இருந்தால் கொடுங்க, அளவு பார்த்து மாத்திக்கலாம்.

கடிதமும் பேனாவும் இந்த மேஜையிலேயே இருக்கு. அந்த 5 அம்மாக்களும் இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். டீ குடிச்சிட்டு வாங்க, பேசுவோம்.