மண்ணில் எழுந்த பறவை



நீர் வார்க்கும் பாத்திரத்தின் வாய்க்கு மூக்கு என்று பெயரிட்டனர் நம் முன்னோர். யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி இதற்குச் சான்று. பறவையின் அலகையும் நாம் மூக்கென்றே வழங்குகின்றோம். பாத்திரத்துள் ஒரு பறவை மறைந்திருப்பதை நம் மொழி என்றோ கண்டுகொண்டது. அப்பறவையைக் களிமண்ணில் வெளிப்படுத்திய இருவரைப் பற்றி இன்று பேசக் கருதுகின்றேன்.

பிரான்சின் தென்பகுதியிலுள்ள வலோரிஸ் என்னும் ஊர் மண்ணாலான சமையற் பாத்திரங்களுக்குப் பேர்போனது. உலோகப் பாத்திரங்கள் பெருகவே அத்தொழில் நலிவுற்றது. 1946ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற மட்பாண்டக் கண்காட்சியைக் காணச் சென்றார் ஓவியர் பிக்காசோ. ராமியே தம்பதியரின் மதூரா பட்டறையில் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர், மறு ஆண்டே திரும்பி வந்து தொழிலில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 65.

ஆயினும், சக்கரத்திலே மண்ணை வனைந்தவர் அவரல்லர். ஜூல் அகார் என்னும் குயவர். அகார் வனைந்த பாண்டம் உலர்ந்து இறுகுமுன், பிக்காசோ அதன் கழுத்தை நெரித்து வளைப்பார்; வயிற்றை அமுக்குவார். பாண்டம் புறாவாகிவிடும். ஆந்தை வடிவான கூசாக்களும் அப்பட்டறையில் உருவாயின. கூசாவின் வயிறே ஆந்தையின் உடலாயிற்று.

இது விளையாட்டன்று. சற்று முந்தினால் மண் சரியும், பிந்தினால் வெடிக்கும். சுவர் ஒரே கனமாக இராவிடின் உலரும்போதே பிளவுபடும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையிற் சிதறும். நெரிப்பதற்குக் கற்பனை வேண்டும். நெரித்தபின்னும் நிலைத்து நிற்கும் பாண்டத்தை வனைவதற்கோ பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

அக்கூசாக்கள் இன்று ஏலத்திற் பெருவிலை பெறுகின்றன. பிக்காசோவை உலகறியும், அகாரை அறிந்தோர் சிலரே. புகழ் ஓவியரைச் சேர்ந்ததை நான் குறை கூறவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கைப்பணிப் பாடம் படிப்பில் மந்தமானவர்க்கே உரியதென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதிபர் நாற்காலியிலிருந்து நானும் அவ்வாறு எண்ணியதுண்டு. கணக்கிற் பின்தங்கிய மாணவன் களிமண்ணிற் குருவி செய்தபோது, அதனை வீண்பொழுது என்று கடிந்துமிருக்கின்றேன்.

உலகம் போற்றிய ஓவியரோ முதிய வயதிலே ஒரு குயவரின் கைத்திறனை நம்பி நின்றார். அந்தக் கை இல்லையேல் அந்தப் பறவையும் இல்லை. நம் வகுப்பறைகளின் பின்வரிசையிலும் அத்தகைய கைகள் இருக்கக்கூடும். அவற்றை மதிக்கக் கற்போமாக.